குடையும் ஓர் ஆயுதமோ?

முத்துநகராம் தூத்துக்குடியில் பிறந்த எங்களுக்குக் கப்பல் புதுமையன்று. ஆகவே பள்ளிக் கண்காட்சிக்குக் கப்பற்போர் ஒன்றைக் கணினி விளையாட்டாகச் செய்யப் பத்தாம் வகுப்பு மாணவியர் ஐவர் சேர்ந்தபோது, வ.உ.சிதம்பரனாரின் சுதேசிக் கப்பலையே எடுத்துக்கொண்டோம்.

விளையாட்டில் இரு தரப்பு. ஒன்று, 1906 அக்டோபரில் பதிவான சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி. மற்றொன்று, கொழும்புப் போக்குவரத்தைத் தன் கையில் வைத்திருந்த பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி. சுதேசித் தரப்பில் ஆடுபவர் முதலில் பங்கு விற்க வேண்டும். பங்கு ஒன்று 25 ரூபாய், 40,000 பங்குகள், ஆக மூலதனம் 10 லட்சம். வாடகைக் கப்பல் கிடைக்கும். எதிராளி நெருக்கினால் அது பறிபோகும். (சரித்திரத்திலும் அப்படித்தான்!) பின்னரே காலியா, லாவோ என்னும் சொந்தக் கப்பல்கள்.

ஆடிப் பார்த்த கீழ்வகுப்புத் தங்கையர், "பீரங்கி எங்கே அக்கா?" என்றார்கள். இந்தப் போரில் பயணச்சீட்டே ஆயுதம். ஆங்கிலக் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி அரை ரூபாய் என்றது. உடனே அவர்கள் இலவசப் பயணம் என்றார்கள். அதுவும் போதாதென்று ஏறுவோருக்கு ஆளுக்கொரு குடையும் கொடுத்தார்கள்.

அந்தக் குடைதான் எங்களைப் படாத பாடு படுத்தியது. குடையை அழுத்தினால் ஆட்டம் முடிந்தது. சுதேசித் தரப்பில் அமர ஒருவரும் முன்வரவில்லை. ஆங்கிலக் கம்பெனிக்கு இது பல வழிகளில் ஒன்று. இங்கே இழந்ததை வேறு துறைமுகங்களில் ஈட்டிக்கொள்ளும். நம்மவர் எங்கே போவார்கள்?

"குடையின் வலிமையைப் பாதியாக்குவோம், இருவருக்கும் சம ஆயுதம் இருந்தால்தானே விளையாட்டு?" என்றாள் ஒருத்தி. "சமமாக்கினால் அது வேறு ஊர்க் கதை. பட்ட நஷ்டத்தை நாம் அழிக்கலாமா?" என்றாள் இன்னொருத்தி. இரண்டு நாள் வாதாடினோம். மூன்றாம் நாள் பேசிக்கொள்ளவே இல்லை.

முடிவில் குடையைத் தொடவில்லை. சுதேசித் தரப்புக்கு ஒன்றைக் கூட்டினோம்: குடை வேண்டாமென்று நம் கப்பலிலேயே ஏறும் பயணி. அவர் மனத்துக்கு எத்தனை புள்ளி போடுவது? கணினிக்கு எண்தானே தெரியும்! பத்து போட்டால் என்றும் சுதேசிக்கே வெற்றி. மூன்று போட்டால் குடைக்கே. ஆறு போட்டிருக்கிறோம். ஆறு எப்படி வந்ததென்று கணக்குச் சிஸ்டர் கேட்டால் காட்டச் சூத்திரம் ஏதுமில்லை.

1908 மார்ச் 12 வந்ததும் வ.உ.சி. கைதாவார், பிறகு தலைவரின்றி ஆட வேண்டும். இதை நீக்கச் சொல்லிக் கெஞ்சினார்கள். நாங்கள் இசையவில்லை. 1911இல் கம்பெனியே கலைக்கப்பட்டதல்லவா? ஆகையால் 'வெற்றி' என்ற சொல்லை எடுத்துவிட்டு, எத்தனை மாதம் கப்பல் ஓடியது என்று மட்டும் திரையில் காட்டுகிறோம்.

கண்காட்சியன்று ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி 31 மாதம் ஓட்டினாள். எதிரே குடையுடன் அமர்ந்தவர் அவள் அப்பா. வரிசையில் நின்றவர்கள் கூச்சலிடும்வரை இருவரும் எழுந்திருக்கவில்லை.