காத்திருக்க முடியாத நெல்

திருகோணமலைக்கு பஸ்ஸில வரேக்க சீனக்குடாப் பக்கம் பிறீமா ஆலையின் சைலோக்கள் தெரியும். இலங்கையில் கோதுமை விளையாது. ஆனாலும் கப்பலில் வரும் கோதுமை அங்கே பத்திரமாக இருந்து, மாவாகி, நாடு முழுக்கப் பாணாகிறது.

பக்கத்திலதான் தம்பலகாமம். பெரியப்பாவுக்கு அங்கே வயல். 2021 மே மாதம் அரசு இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்தது; நவம்பரில் தடையை எடுத்தபோது பெரும்போகம் தொடங்கிவிட்டது. பசளையில்லாமல் பயிர் மஞ்சளாக நின்றது. விளைஞ்ச கொஞ்சத்தையும், வெட்டின கையோட, கடன் தந்த யாவாரி சொன்ன விலைக்கே கொடுத்தார்.

"கொஞ்சநாள் வச்சு வித்திருக்கலாமே பெரியப்பா?"

"ஈர நெல்லை எங்க பிள்ளை காயவைக்கிறது? றோட்டிலயா?"

அரசின் முழு உத்தரவாத விலை, ஈரப்பதம் 14 வீதத்துக்கு மேற்படாத நெல்லுக்குத்தான். காயவைக்கக் களமும், அடுக்கிவைக்கக் களஞ்சியமும், அதுவரை பொறுக்கிற கடன்காரனும் வேணும். மூண்டும் இல்லாதவருக்கு அந்த விலை வெறும் செய்தி.

அதே வருசம் அரிசி விலை கேட்டு, அம்மா வெறும் பையோட திரும்பி வந்தா. பெரியப்பாவும் கடையில்தான் அரிசி வாங்கினார்.

கோதுமைக்குக் காத்திருக்க இடமிருக்கு. எங்கட நெல்லுக்கு ஏன் இல்லை?