தேநீர் வேறு, மாத்திரை வேறு

நம் வாசலூர்பட்டியில் காபியும் மிளகும் உண்டு. தேயிலைத் தோட்டம் கிடையாது. ஆனாலும் படகு இல்லத்துக்கு வருகிறவர்கள் டீக்கடையில் "கிரீன் டீ இருக்கா?" என்று கேட்கிறார்கள். என் வயதுக்காரர்கள் சிலரும் அதற்கு மாறிவிட்டார்கள். சர்க்கரை இறங்குமாம், மறதி அண்டாதாம். வாட்ஸ்அப்பில் வந்ததாம்.

எனக்கு இதில் அக்கறை வந்தது என் அண்ணனால். புதுச்சேரியில் இருக்கிறார், வயது 82. இரண்டு வருடமாக மறதி நோய். பாரிஸில் இருக்கும் அவர் மகன் ஒரு டப்பா மாத்திரை அனுப்பியிருந்தான். அண்ணி அதைப் போட்டோ எடுத்து அனுப்பி, "தினம் ரெண்டு போடச் சொல்றான். எழுத்தெல்லாம் பிரெஞ்சா இருக்கு. குடுக்கலாமா தம்பி?" என்று கேட்டார். பிரெஞ்சில் அண்ணன் என்னைவிடக் கெட்டிக்காரர். இப்போது எதை நீட்டினாலும் பார்த்துவிட்டுத் தள்ளி வைத்துவிடுகிறார்.

படித்தேன். 'தே வெர்' சாறு, அதாவது கிரீன் டீயின் சத்தைப் பிழிந்து அடைத்த மாத்திரை. (பிரெஞ்சுக்காரரின் 'தே'யும் நம் தேயிலையின் 'தே'யும் ஒன்றுதான், இரண்டுக்கும் மூலம் சீனக் கடற்கரைப் பேச்சு.)

கிரீன் டீக்குத் தனிச் செடி எதுவும் இல்லை. சாதாரண டீத்தூளுக்குக் கொழுந்தை நசுக்கிக் காற்றுப் பட விடுவார்கள், கறுத்துவிடும். கிரீன் டீக்குப் பறித்த கையோடு ஆவி காட்டியோ வறுத்தோ அந்த மாற்றத்தை நிறுத்திவிடுவார்கள். அதனால் இலையிலுள்ள கேட்டகின் என்ற சத்து பெரும்பகுதி அப்படியே தங்குகிறது. பேச்செல்லாம் அதைப் பற்றித்தான்.

ஜப்பானில் 70 வயது தாண்டிய 1003 பேரைச் சோதித்து 2006இல் ஓர் ஆய்வு வெளியானது. தினம் இரண்டு கோப்பையோ அதற்கு மேலோ கிரீன் டீ குடித்தவர்களிடம் நினைவுக் குறைவு குறைவாக இருந்தது. படித்ததும் எனக்கும் ஆசை வந்தது. ஆனால் நாலு பேரோடு உட்கார்ந்து டீ குடிக்கும் அளவுக்குத் தெம்பும் தெளிவும் உள்ளவர்தான் நிறையக் குடித்திருப்பாரோ? டீயால் தெளிவா, தெளிவால் டீயா என்று அந்தக் கணக்கை வைத்துச் சொல்ல முடியாது. வந்துவிட்ட மறதி நோயை அது திருப்பும் என்பதற்கு நிரூபணம் இல்லை.

எடை விஷயத்திலும் அப்படித்தான். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் குழு, எடை குறைவது பொருட்படுத்த முடியாத அளவு என்று 2012இல் எழுதியது. ரத்தச் சர்க்கரையும் கெட்ட கொழுப்பும் கொஞ்சம் இறங்கலாம். அதை நம்பி மாத்திரையை நிறுத்துவது ஆபத்து.

என் கணக்கு வேறு. நாளைக்கு நாலு டம்ளர் பால் டீ, டம்ளருக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் எட்டு ஸ்பூன், ஏறக்குறைய 35 கிராம். 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த நாலில் இரண்டைச் சர்க்கரையில்லாத கிரீன் டீயாக மாற்றினால் பாதி மிச்சம். உண்மையான லாபம் அதுதான். தேன் கலந்து குடித்தால் அதுவும் போச்சு.

மாத்திரைதான் என்னைப் பயமுறுத்தியது. பிரான்சிலேயே எடை குறைக்க விற்ற 'எக்ஸோலீஸ்' என்ற கிரீன் டீ சாறு மாத்திரையை, கல்லீரல் கெடுகிறது என்று 2003இல் சந்தையிலிருந்து எடுத்துவிட்டார்கள். இந்தச் சாற்றிலுள்ள ஈஜிசிஜி என்ற கேட்டகின் ஒரு நாளைக்கு 800 மில்லிகிராம், அதற்கு மேல் போனால் கல்லீரலுக்கு ஆகாமல் போகலாம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் சொன்னது. கோப்பையில் குடிக்கும்போது வயிறே போதும் என்று சொல்லிவிடும். மாத்திரைக்கு அந்த வேலி இல்லை.

"வேணாம் அண்ணி, டப்பாவை டாக்டரிடம் காட்டுங்க" என்றேன். மகனிடம் நானே பேசினேன். அவன் சிறிது நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "நான் இங்கிருந்து வேற என்னதான் செய்யறது சித்தப்பா?" என்றான். வாரம் இரண்டு தடவை வீடியோவில் அப்பாவோடு பேசு என்றேன்.

அண்ணிக்கு இரத்தசோகை, இரும்புச் சத்து மாத்திரை போடுகிறார். டீ அதை உடம்பில் ஏறவிடாது, இரண்டுக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள் என்றும் சொன்னேன். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் கிரீன் டீயைத் தொட வேண்டாம். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் நம் வயதில் யாருக்கும் வேண்டாம்; தூக்கம் போகும்.

அண்ணனுக்கு இப்போது மூன்று மணிக்கு ஒரு டம்ளர் கிரீன் டீ. கொதித்த நீரைக் கொஞ்சம் ஆறவிட்டு, இரண்டு நிமிடம் மட்டும் இலையை ஊறவிட்டால் கசக்காது. அண்ணி அப்படித்தான் போடுகிறார். ஆனாலும் தினமும் ஒரு வாய் குடித்ததும், சர்க்கரை போட மறந்துட்டே என்கிறாராம்.