கவாத்து

எங்கள் ஊராகிய உத்திரமேரூரின் புகழெல்லாம் ஒரு சுவரில் இருக்கிறது. முதற் பராந்தக சோழனின் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும், வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபத்தில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் குடவோலைத் தேர்தலின் விதிகளைக் கூறுகின்றன என்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் ஒப்பிப்பார்கள். ஆயினும் அக்கல்வெட்டில் என் மனத்தைத் தொட்டது தேர்தல் அன்று. தேர்ந்தெடுக்கப்பட்டோரில் ஆண்டு வாரியத்துக்குப் பன்னிருவர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிருவர், ஏரி வாரியத்துக்கு அறுவர் என்று அச்சபையார் பகுத்திருக்கிறார்கள். கடல்போல் விரிந்து கிடக்கும் எங்கள் ஏரியைக் காக்க ஆறு பேர் போதுமாம். தோட்டத்தைக் காக்கப் பன்னிரண்டு பேர் வேண்டுமாம்! பல ஆண்டுகள் இதனை நான் மாணவர்களிடம் வேடிக்கையாகவே சொல்லிவந்தேன். என் வீட்டுக் கொல்லையில் கையகல நிலத்தை ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொள்ள நேர்ந்தபின் அச்சபையாரின் அறிவை மெச்சுகிறேன்.

அத்தோட்டம் என் மனைவியினுடையது. கிணற்றடியில் கல்வாழை, வேலியாக மருதாணி, மூலையில் ஒரு மாதுளை, சுவரைப் பற்றிய காகிதப்பூக் கொடி, நான்கு குண்டுமல்லிப் புதர்கள், பாத்தியில் நிலச்சம்பங்கி, வாசற்படியின் இருமருங்கும் குரோட்டன்ஸ், குழாயடியில் தானே முளைத்த திருநீற்றுப்பச்சை. துலுக்கச் சாமந்தியும் உண்டு. (மெக்சிகோ நாட்டிலே பிறந்து கப்பலேறி வந்த செடி அது. துருக்கிக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. எங்கிருந்தோ வந்ததையெல்லாம் நம் பெயரில் எழுதிவிடும் பழக்கம் பூவையும் விடவில்லை!)

நானோ ஏட்டுப் பூக்களின் ஆள். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிய தொண்ணூற்றொன்பது பூக்களை ஓரிடத்தும் தடுக்காமல் சொல்வேன். அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல் என்று பூவின் பருவங்களை வகுப்பில் விளக்குவேன். ரோசா அரபியில் வர்து; மல்லிகை யாஸமீன்; மருதாணியின் பூவுக்கு மட்டும் ஃபாகியா என்று தனிப்பெயரே உண்டு. இத்தனையும் அறிந்திருந்தேன். என் வீட்டு மல்லிகையை எந்த மாதத்தில் வெட்டவேண்டும் என்பது மட்டும் தெரியாது.

மூன்று ஆண்டுகளுக்கு முன், ஓர் ஐப்பசி மாதத்து விடியலில், அவளுக்குப் பக்கவாதம் கண்டது. உயிர் பிழைத்தாள், அல்ஹம்து லில்லாஹ். ஆனால் வலக்கையும் வலக்காலும் செயலிழந்தன. அவற்றைவிடக் கொடியதாக, பேச்சும் போயிற்று. நாம் சொல்வது அவளுக்கு விளங்கும். ஒரு பொருளின் பெயர் மட்டும் வாய்க்கு வராது. தண்ணீர்ச் செம்பைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். "செம்பு" என்னும் சொல் வராமல் கண்ணீர்தான் வரும். பொருள்களைக் காட்டிக் காட்டிப் பெயரைச் சொல்ல வையுங்கள் என்றார் மருத்துவர். சொற்களை விற்றே முப்பது ஆண்டு சோறுண்டவன் வீட்டில் சொற்பஞ்சம்.

கொல்லையை எவரும் எட்டிப்பார்க்கவில்லை. பங்குனி பிறந்தபோது மல்லிகைப் புதர்கள் நடைபாதையை மறித்துக் கிடந்தன. அவள் ஆண்டுதோறும் அவற்றை ஒட்ட நறுக்குவது நினைவிருந்தது. எப்போது என்பதுதான் நினைவில்லை. கத்தரியை எடுத்தேன்.

செடியை நறுக்குவதை நம் உழவர்கள் கவாத்து என்பர். படைவீரர் பயிற்சிக்கும் கவாத்து என்றுதான் பெயர்; அப்பயிற்சிப் பெயர் அரபியின் கவாயித் என்பதன் திரிபு. விதிகள் என்பது அதன் பொருள். இலக்கண விதிகளுக்கும் அதுவே பெயர். அந்தக் கவாயிதைத்தான் நான் மதரஸாவில் பிள்ளைகளுக்குக் கற்பித்துவருகிறேன். அன்று கொல்லையில் ஒரு விதியும் அறியாமல் கவாத்து நடத்தினேன். குண்டுமல்லியைக் கார்த்திகை முடிவதற்குள் வெட்டவேண்டும். அப்போதுதான் புதுத்தளிர் ஓடி மாசி பங்குனியில் மொட்டு வைக்கும். நான் வெட்டியதோ மொட்டு வைத்தபின். நான்கு புதர்களின் கிளைகளும் மொட்டுகளோடு முற்றத்தில் குவிந்து கிடந்ததைப் பார்த்த பிறகே செய்த பிழை உறைத்தது.

அவளிடம் மறைக்க வழியில்லை. கட்டிலிலிருந்து முற்றம் தெரியும். அம்மா காலத்து ஊறுகாய்ச் சாடி ஒன்று பரண்மேல் இருந்தது. அதில் நீர் நிறைத்து, மொட்டு மிகுந்த கிளைகளைத் திணித்து, அவள் தலைமாட்டில் கொண்டுபோய் வைத்தேன். மன்னிப்புக் கேட்கும் விதமாகத்தான் வைத்தேன், அழகுக்காக அன்று. அவள் சாடியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், வாயின் இடக்கோடியால் சிரித்தாள். ஐந்து மாதத்தில் முதற் சிரிப்பு. அன்று மாலையே முற்றிய மொட்டுகள் விரிந்து அறையெங்கும் மணந்தன. பிஞ்சு மொட்டுகள் விரியாமலே பழுத்து உதிர்ந்தன.

மறுநாள் முதல் அது வழக்கமாயிற்று. கொல்லைக்குப் போக அவளால் இயலாது. ஆகவே கொல்லையைச் சிறிது சிறிதாக அறைக்குக் கொண்டுவந்தேன்.

எனக்கொரு தயக்கம் இருந்தது உண்மை. செடியில் ஒரு வாரம் இருக்கும் பூவைக் கொய்து மேசைமேல் மூன்று நாளில் சாக வைப்பது வீண்விரயம் ஆகாதா? அதனால் ஒன்று முடிவு செய்துகொண்டேன். சாடிக்கென்று எதையும் வெட்டுவதில்லை. செடியின் நலத்துக்காக எதை வெட்டவேண்டுமோ அதுவே சாடிக்கு. வழியை மறிக்கும் கிளை, ஒன்றோடொன்று உராயும் கிளை, உள்நோக்கி வளரும் கிளை, வேலியைத் தாண்டிய மருதாணி. முன்பு இவையெல்லாம் அண்டை வீட்டு ஆடுகளுக்குப் போகும். இப்போதும் போகின்றன, நான்கு நாள் கழித்துப் போகின்றன, அவ்வளவே. (அரளியை மட்டும் வீட்டுக்குள் கொண்டுவருவதில்லை, அதன் இலையும் பூவும் ஆட்டுக்கும் நஞ்சு, குழந்தைக்கும் நஞ்சு.) மேலும், ரைஹான் என்னும் மணத்தழையை ஒருவர் தந்தால் மறுக்கலாகாது, அது சுமக்க இலேசானது, நறுமணமுள்ளது என்ற கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியிருப்பது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. அந்த ரைஹான் எங்கள் குழாயடித் திருநீற்றுப்பச்சைதான். நோன்பு திறக்கையில் சர்பத்தில் மிதக்கும் சப்ஜா விதை அதன் விதையே. மேற்கே அந்தலூசில் ரைஹான் என்றால் வேறொரு செடி. கிரனாடாவின் அல்ஹம்ரா மாளிகையில் ஒரு முற்றம் அச்செடியின் பெயரால் இன்றும் வழங்குகிறது.

நம்மவர்க்குப் பூவென்றால் கட்டுவதற்கு உரியது. கண்ணி, தார், கோதை, தொடையல், பிணையல் என்று கட்டிய பூவுக்குத் தமிழில் எத்தனை பெயர்கள்! மாப்பிள்ளையின் முகத்தை மறைக்கும் சேராவும் கட்டிய பூவே. பூவை நீரில் நிறுத்தி வைப்பது, நிறைகுடத்தில் மாவிலை செருகுவது தவிர, நம் வீடுகளில் அதிகம் கண்டதில்லை. ஆகவே இந்தக் கலையில் எனக்கு உஸ்தாது கிடையாது. கெட்டுப்போன பூக்களே உஸ்தாது.

அவை கற்பித்தவற்றைச் சொல்கிறேன். வெயில் ஏறுமுன் வெட்டவேண்டும். அப்போது தண்டில் நீர் நிறைந்திருக்கும். வெட்டிய உடனே தண்டின் குழல்களில் காற்றுப் புகுந்துவிடுகிறது. அடைத்த குழலில் நீர் ஏறாது. ஆகவே நீருக்குள் அமிழ்த்தி, அடியில் ஒரு விரற்கடை மீண்டும் சாய்வாக நறுக்கினால் காற்றடைத்த பகுதி போய்விடும். காகிதப்பூவில் வண்ணமாய் இருப்பவை இதழ்களல்ல, இலைகளே. பச்சை இலைகளை உருவிவிட்டால் அவ்வண்ண இலைகள் சற்று அதிகம் தாங்கும். செம்பருத்தியை நீரில் வைத்தாலும் ஒரு நாள்தான், வைக்காவிட்டாலும் ஒரு நாள்தான். நிலச்சம்பங்கி கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாய் மலரும். வாடியதைக் கிள்ளிக்கொண்டே வந்தால் ஒரு வாரம் வரும். குரோட்டன்ஸ் வாரக்கணக்கில் நிற்கும். பொறுமையிருந்தால் நீரிலேயே வேரும் விடும்.

கிளைகள் சாடியில் ஒரு பக்கமாகச் சரிந்து விழுவது எனக்குப் பெருந்தொல்லையாக இருந்தது. மகள் வந்தவாசியிலிருந்து வந்தபோது, "அத்தா, கடையில் பஞ்சு மாதிரி ஒன்று விற்கிறது, வாங்கி வரட்டுமா?" என்றாள். வேண்டாமென்றேன். மருதாணிக் கவட்டை ஒன்றைச் சாடியின் வாய்க்குள் இறுகச் செருகினால் கிளைகள் அதில் சாய்ந்து நிற்கின்றன. நானே கண்டுபிடித்ததாக இறுமாந்திருந்தேன். பிறகு ஒரு நூலில் பார்த்தால் ஜப்பானியர் இதை எப்போதோ செய்துவிட்டார்கள். கியோட்டோ நகரின் இக்கெனோபோ மரபினர் பூ அமைத்ததற்கு 1462-லேயே குறிப்பு இருக்கிறது. நம்மவர்களும் இதில் பின்தங்கியவர்கள் அல்லர். ஆக்ராவில் நூர்ஜஹான் தம் தந்தைக்காக 1622 முதல் 1628 வரை எழுப்பிய இஃதிமாதுத் தௌலா கல்லறையின் சுவர்களில், வண்ணக் கல் பதித்த பூச்சாடிகளைக் காணலாம். துருக்கியரோ ஒற்றை லாலே மலரை நிறுத்துவதற்கென்றே கழுத்து ஒடுங்கிய குப்பிகள் செய்தார்கள்; 1718 முதல் 1730 வரையுள்ள காலத்துக்கு லாலேக் காலம் என்றே பெயரிட்டுவிட்டார்கள். லாலே என்பதை எழுதும் லாம், அலிஃப், லாம், ஹே ஆகிய எழுத்துகளே அல்லாஹ் என்னும் திருப்பெயரிலும் உள்ளவை. அப்ஜத் கணக்கில் இரண்டுக்கும் 66. அப்பூவை அவர்கள் அவ்வளவு போற்றியதற்கு இதுவும் ஒரு காரணம்.

சித்திரையில் நடந்ததைச் சொல்லவேண்டும். ஒரு காலை, மாதுளங்கிளைகளைச் செந்நிறப் பூக்களோடு கண்ணாடிக் குப்பியில் அமைத்து அவள்முன் வைத்தேன். எனக்கே நிறைவாக இருந்தது. வழக்கம்போல் ஒவ்வொன்றாய்த் தொட்டுக் காட்டி, "இது என்ன? பூ. சொல்லு பார்க்கலாம், பூ" என்றேன். அவள் இடக்கை விரலால் குப்பியைச் சுட்டினாள். முகம் சிவந்தது. உதடு நடுங்கியது. "இலை" என்றாள்.

ஆறு மாதத்துக்குப் பிறகு வந்த முழுச்சொல். நான் அழுதுவிட்டேன். மகளுக்குத் தொலைபேசியில் சொன்னேன், அவளும் அழுதாள். "ஆமாம், இலை! இலை!" என்று நான் குதூகலிக்க, அவள் மீண்டும் மீண்டும் "இலை, இலை" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். கடைசியில் சலித்துப்போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். களைப்பு என்று எண்ணிக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து அறையில் துர்நாற்றம். குப்பியை எடுத்துப் பார்த்தேன். நீருக்குள் மூழ்கியிருந்த இலைகள் அழுகி, நீர் கூழாகிக் கிடந்தது. பூக்களும் தலை தொங்கிவிட்டன. நீர்மட்டத்துக்குக் கீழே ஓர் இலையும் இருக்கலாகாது. அழுகலில் பெருகும் கிருமிகள் தண்டின் குழல்களை அடைத்துவிடும். அவள் பெயர் சொல்லவில்லை, என்னைக் கண்டித்திருக்கிறாள். நான் அதைப் பாடம் ஒப்பித்ததாக எடுத்துக்கொண்டு கை தட்டியிருக்கிறேன்.

அன்றுமுதல் "இது என்ன?" என்று கேட்பதை நிறுத்திவிட்டேன். சாடியைப் பிழையாக அமைத்துக்கொண்டுபோய் வைப்பேன்; சில நாள் வேண்டுமென்றே, பல நாள் தானாகவே. அவள் திருத்துவாள். "தண்ணி" வந்தது. "உயரம்" வந்தது. "என்னங்க, இது கோணல்" என்று ஒரு முழு வாக்கியம் ஆவணியில் வந்தது. திருநீற்றுப்பச்சைத் தண்டு கண்ணாடிக்குள் வெள்ளை வேர் விட்டதை முதலில் கண்டவளும் அவளே. எங்கள் பேரன் அவற்றைத் தொட்டியில் நட்டான். "நன்னா, இது ஆட்டுக்கு இல்லையே?" என்று உறுதி வாங்கிக்கொண்டே நட்டான்.

எல்லாம் திரும்பிவிட்டதாகச் சொல்லமாட்டேன். வலக்கை வரவில்லை. பேத்தியின் பெயரை இன்னும் சில நாள் தவறவிடுகிறாள். பிழையான மாதத்தில் வெட்டுண்ட மல்லிகையும் அவ்வாண்டு கோபித்துக்கொண்டு பூக்கவே இல்லை.

சென்ற கார்த்திகையில் கொல்லை வாயிலில் நாற்காலி போட்டு அவளை அமர்த்தினேன். கைத்தடியால் இடத்தைக் காட்டினாள், நான் வெட்டினேன். தரையிலிருந்து ஒன்றரை அடி நிற்கவேண்டும். எனக்கோ கை வரவில்லை, இரண்டடியில் நிறுத்தினேன். "இன்னும்" என்றாள். சற்றே நறுக்கினேன். "இன்னும்" என்றாள். நான்கு புதர்களும் வெறுங்குச்சிகளாய் நின்றபோதுதான் தடியைக் கீழே வைத்தாள்.

கழித்தவற்றில் பூ ஒன்றும் இல்லை, வெறும் தழை. ஐந்து கிளைகளைப் பொறுக்கி, கீழிலைகளை உருவி, ஊறுகாய்ச் சாடியில் அமைத்துத் தலைமாட்டில் வைத்தேன். நெடுநேரம் பார்த்திருந்தாள். பிறகு இடக்கையை நீட்டி ஒரு கிளையை உருவி எடுத்துக் கட்டில்மேல் போட்டாள்.

"ஏன்?" என்றேன்.

"கூட்டம்" என்றாள்.

மறுநாள் நான்கே வைத்தேன்.