ஏடு திறக்கும் நாள்

கேமரன் மலைத் தேயிலைச் சரிவுகளுக்கிடையே வாழும் எனக்கு, லினக்ஸ் இயங்குதளத்தின் கருவாகிய கெர்னல் மூலநிரலை வீட்டுக் கணினியில் பேணுவது நெடுநாள் வழக்கம். 1991-இல் பின்லாந்து மாணவர் லீனஸ் டோர்வால்ட்ஸ் ஏறத்தாழப் பத்தாயிரம் வரிகளில் வெளியிட்ட அந்நிரல், இன்று மூன்று கோடி வரிகளைக் கடந்து நிற்கிறது. 2005-இல் அவரே படைத்த 'கிட்' என்னும் கருவி, மாற்றங்களை ஏடுபோல் காக்கிறது. புதிய பதிப்பு வரும்போது மாறியவை மட்டுமே வந்து சேரும். என் சோதனைகளைத் தனிக் கிளையில் வைப்பேன்; மூலத்துக்குக் கேடில்லை.

எந்த வரியைச் சுட்டினாலும், திருத்தியவர் யார், எந்நாளில், எதற்காக என அவ்வேடு விடை பகரும். ஆனால், 2005-க்கு முற்பட்ட வரிகள் அனைத்தும் அதில் ஒரே பதிவாய் அடங்கிவிட்டன. ஏடு திறக்குமுன் உழைத்தோரின் பெயர் அங்கே வரிவரியாய்த் தெரிவதில்லை.

1929-இல் போ தோட்டம் தோன்றிய காலந்தொட்டு இம்மலையில் கன்று நட்டு, கவாத்து வெட்டி, கொழுந்து கிள்ளிய தமிழ்க் கைகள் எத்தனை! நட்டவர் யாரென்று செடி சொல்லுமா? மாணவர்களே, முதியோர் நம்மிடையே இருக்கும்போதே அவர்தம் பெயரையும் பணியையும் கேட்டு எழுதுங்கள். ஏடு இன்றே திறக்கட்டும்.