தரவைக் குளத்துக்கு ஒரு பகல்நடை

மலையேறி ஏரி காணும் பகற்பயணத்துக்குத் திட்டமிடுவோர் முதலில் கேட்பது ஏற்றம் எவ்வளவு என்பதையே. ஏற்றம் குறைந்த பாதை எளிய பாதை எனக் கொள்ளப்படும். யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மேற்கே கிடக்கும் தீவுகளில் இந்த அளவுகோலுக்கு வேலையில்லை. ஊர்காவற்றுறை, புங்குடுதீவு, நயினாதீவு, நெடுந்தீவு ஆகிய யாவும் கடல்மட்டத்துக்கு மேல் சில மீற்றர் மட்டுமே தலைகாட்டும் தட்டை நிலங்கள். ஆயினும் நெடுந்தீவின் தெற்கிலும் தென்மேற்கிலும் உள்ள தரவைகளில், அதாவது மரம் அருகிப் புல் மட்டும் படர்ந்து கால்நடை மேயும் திறந்த வெளிகளில், மாரி மழைக்குப் பின் நீர் கட்டி நிற்கும் குளங்களைக் கால்நடையாகக் கண்டு அன்றே திரும்ப எண்ணுவோர், மலைநாட்டில் ஓர்டன் சமவெளியில் நடப்போரைவிடக் கூடுதலாகவே யோசிக்க வேண்டியிருக்கும். மலையில் ஆயிரம் மீற்றர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ 6.5 பாகை செல்சியஸ் இறங்கும். தீவில் எவ்வளவு தூரம் நடந்தாலும் அந்தச் சலுகை கிடையாது.

இங்கே திட்டம் திரும்பும் படகிலிருந்து பின்னோக்கி வகுக்கப்பட வேண்டியது. யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைப் பாலம், வேலணை, வாணர் பாலம், புங்குடுதீவு எனப் பேருந்து செல்லும் வழி குறிகட்டுவான் இறங்குதுறையில் முடிகிறது. அங்கிருந்து நயினாதீவு கால் மணி நேரத் தொலைவு. நெடுந்தீவுக்கோ கடலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் செல்ல வேண்டும். காலைப் படகில் போய்ப் பிற்பகற் படகில் திரும்புபவருக்குத் தீவில் எஞ்சுவது சில மணி நேரமே. பாதை தெளிவான இடத்தில் மணிக்கு நான்கு கிலோமீற்றர் நடப்பவரும் பவளக்கல் சிதறிய தரவையில் மூன்றுக்கு மேல் நடப்பது அரிது. ஆகவே 50 சதுர கிலோமீற்றர் அளவான தீவை ஒரே பகலில் சுற்றிவரும் ஆசையை விட்டு, ஒரு குளத்தை மட்டும் குறிவைத்து, போகும் தூரத்தின் எல்லையைப் படகு நேரத்தைக் கொண்டு முன்கூட்டியே வகுத்துக்கொள்வதே தக்கது.

படகு புறப்படுமா என்பதைக் காற்று தீர்மானிக்கிறது. தீவகத்தார் ஆண்டைக் காற்றுகளால் பகுத்து வைத்திருக்கின்றனர்: வைகாசி தொடங்கித் தென்மேற்கிலிருந்து வீசுவது சோளகம், மாரியில் வடகிழக்கிலிருந்து வருவது வாடை. சோளகம் பலத்தால் கடல் கொந்தளிக்கும், தரவை காய்ந்து குளங்களும் வற்றும். வாடை முற்றிய நாள்களில் மழையும் அலையும் சேர்ந்து படகைத் துறையிலேயே கட்டிவைக்கும். இரண்டுக்கும் இடைப்பட்ட தை, மாசி மாதங்களே நடைக்கு ஏற்றவை; குளத்தில் நீரும் தரையில் புல்லும் ஒருசேர இருக்கும் காலம் அதுதான். ஆனி மாதத்தில் நயினை நாகபூசணி அம்மன் மகோற்சவத்துக்கு அடியார் திரளும்போது குறிகட்டுவானில் நிற்கவும் இடமிராது என்பதையும் சேர்த்து எண்ணிக்கொள்ளலாம்.

நெடுந்தீவின் மாவிலித்துறையில் இறங்குவோர் நடையைத் தொடங்குமுன் சற்றுத் தரித்தல் முறை. 1985 மே 15 அன்று குமுதினிப் படகில் பயணம் செய்த பொதுமக்கள் நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டதை நினைவுகூரும் சின்னம் இத்தீவில் உள்ளது. இன்றும் இந்தக் கடல்வழி தீவாருக்கு வெறும் போக்குவரத்துப் பாதை அன்று.

துறையை விட்டு நகர்ந்ததும் கண்ணில் படுவன பவளக்கல் வேலிகள். சாந்தோ சுண்ணாம்போ இன்றி, கையால் தூக்கத்தக்க கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி எழுப்பப்பட்ட இவை ஓரிடத்தில் இடுப்பளவும் இன்னோரிடத்தில் மார்பளவும் நிற்கும். அருகே குனிந்து பார்த்தால் ஒவ்வொரு கல்லிலும் உயிரோடிருந்த காலத்துப் பவளத்தின் நுண்துளைகளும் மடிப்புகளும் தெரியும். கற்களுக்கிடையே விரல் நுழையும் இடைவெளிகளில் மறுபக்கத்துப் புல் அசைவதையும் காணலாம். காற்றை மறிக்காமல் ஊடே போகவிடும் இந்த இடைவெளிகளே சோளகத்தின் வேகத்தைத் தாங்க உதவுகின்றன. சீமெந்து பூசித் திருத்த முனைவோர் இதைக் கவனிப்பது நல்லது.

வேலிகள் முடியும் இடத்தில் நிழலும் ஏறத்தாழ முடிந்துவிடும். பனையின் நிழல் ஓலைக்கட்டின் அளவே விழும், விழுந்ததும் சூரியனோடு நகரும். நெடுந்தீவு வடக்கு அகலக்கோடு ஒன்பதரைப் பாகையை ஒட்டியிருப்பதால், ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஆகஸ்ட் இறுதியிலும் நண்பகற் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. அந்நாள்களில் பனையின் நிழல் அதன் அடியிலேயே சுருண்டு கிடக்கும். தலைக்குத் துணியும் ஆளுக்கு மூன்று லீற்றர் குடிநீரும் இன்றித் தரவையில் இறங்குவது துணிவாகாது.

குளத்தை நோக்கிப் போகிறவர் தண்ணீர் சுமப்பது முரணாகத் தோன்றலாம். அதன் காரணம் நிலத்துக்கு அடியில் உள்ளது. சுண்ணாம்புக்கல்லினூடே இறங்கும் மழைநீர், தன்னைவிட அடர்த்தி கூடிய உவர்நீரின்மேல் மிதந்து, நடு தடித்து ஓரம் மெலிந்த வடிவில் தங்குகிறது. இதை நன்னீர் வில்லை என்பர். கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஒரு மீற்றர் நின்றால் கீழே ஏறத்தாழ நாற்பது மீற்றர் வரை அது பரவும் என்னும் விதியைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கைபென் என்ற ஒல்லாந்தப் பொறியியலாளரும், பின்னர் வடகடல் தீவொன்றை ஆராய்ந்த ஹெர்ஸ்பெர்க் என்ற செருமானியரும் தனித்தனியே கண்டனர். கணக்கைத் திருப்பிப் பார்த்தால் ஆபத்து விளங்கும்: மேலே ஒரு சாண் இறங்கினால் கீழே நாற்பது சாண் உவர் ஏறும். மழை குறைந்த ஆண்டில் அளவுக்கு மீறி இறைத்த கிணறு உவர்ப்பாகிவிடுவது இதனாலேதான். தரவைக் குளங்களோ ஆழமற்றவை, கோடை வெயிலுக்குத் தாக்குப்பிடிக்காதவை.

அந்த நீருக்கு உரியவர்களும் வேறு. போர்த்துக்கேயர் கொண்டுவந்து ஒல்லாந்தர் பெருக்கியதாகக் கருதப்படும் குதிரைகளின் வழிவந்த மட்டக்குதிரைகள் இன்று கட்டுப்பாடின்றித் தரவைகளில் திரிகின்றன. ஊர் மாடுகளும் அங்கேயே மேய்கின்றன. கடும் வறட்சியில் குளம் வற்றும்போது குதிரைகள் மடிவதுண்டு. 2015இல் தீவின் ஒரு பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டாலும் பூங்கா எல்லைக்கோடு மழையைக் கொண்டுவருவதில்லை. ஆகவே குளக்கரைக்குச் சென்றவர் நீரில் இறங்காமல், காற்று தம்மிடமிருந்து குதிரைகளை நோக்கி வீசாத பக்கமாகத் தள்ளி அமர்ந்தால், அவை தயங்கித் தயங்கி வந்து குடிப்பதைக் காணலாம். முதலில் ஒன்று வந்து கரையில் நின்று தலையை உயர்த்திப் பார்க்கும். அது குனிந்த பிறகே மற்றவை வரும்.

பெரும்பாலான பயணிகள் இதைக் காண்பதில்லை. துறையிலேயே பட்டா வாகனத்தில் ஏறி, பழைய கோட்டை, பெருக்குமரம், புறாக்கூடு, வளரும் கல் என வரிசையாகப் பார்த்துப் படமெடுத்துத் திரும்புகின்றனர். வளரும் கல்லின் வளர்ச்சியை அளக்கும் பொறுமை எவருக்கும் இருப்பதாகத் தெரியவில்லை. அந்த வாகனத்தைப் பழிக்கத் தேவையில்லை. தரவையின் விளிம்பு வரை அதில் சென்று, அங்கிருந்து நடந்து, குறித்த நேரத்துக்கு மீண்டும் அதிலேயே துறைக்கு வருவது முதியோரும் சிறுவரும் உள்ள குழுவுக்கு மிகப் பொருத்தமான ஏற்பாடு.

துறைக்குப் படகு நேரத்துக்கு வெகு முன்னரே வந்துவிட வேண்டும். யாழ்ப்பாண மருத்துவமனைக்குப் போகும் நோயாளர், பணி முடித்துத் திரும்பும் ஆசிரியர், அலுவலர் எனப் பயணம் அவசியமானோர் பலர் அதே படகை நம்பியிருப்பதால், இடம் போதாத நாளில் உலாப் போனவர் பின்தங்குவதே நியாயம். அவ்வாறு பின்தங்க நேரிடலாம் என்பதற்காகவே மாற்றுடை ஒன்றும், இரவுக்கான மருந்தும், தீவில் தங்குவதற்கு முன்கூட்டியே கேட்டறிந்த ஓரிடத்தின் தொலைபேசி இலக்கமும் பையில் இருக்க வேண்டும்.