வீட்டுத் திண்ணையில் ஒரு பல்கலைக்கழகம்

(இரண்டாம் ஆண்டு இளமறிவியல், விலங்கியல்)

“டிகிரி முடிச்சிட்டு என்ன செய்யப் போற?”

நம் கல்லூரி மாணவர் எவரும் இந்தக் கேள்விக்குத் தப்பியதில்லை. பேருந்தில் கேட்கிறார்கள், கல்யாண வீட்டில் கேட்கிறார்கள், ரேஷன் கடை வரிசையில்கூடக் கேட்கிறார்கள். ‘பொதுச் சுகாதாரத்தில் முதுகலை படிக்கப் போகிறேன். அதையும் வீட்டிலிருந்தபடியே இணையவழியில் படிக்கப் போகிறேன்’ என்று நான் சொல்லத் தொடங்கி ஆறு மாதங்கள் ஆகின்றன. கேட்பவர்களுக்கு உடனே இரண்டு ஐயங்கள் எழுகின்றன. சுகாதாரம் என்றால் தெருக் கூட்டிப் பவுடர் போடுவதுதானே, அதற்கு ஒரு பட்டமா என்பது ஒன்று. வீட்டிலிருந்தே படிப்பதும் ஒரு படிப்பா என்பது மற்றொன்று.

முதல் ஐயத்திற்கு விடை சொல்வது எளிது. 1854ஆம் ஆண்டு லண்டன் மாநகரின் பிராட் தெருவில் காலரா பரவியபோது, ஜான் ஸ்னோ என்னும் மருத்துவர் இறந்தவர்களின் வீடுகள் எங்கெங்கே இருந்தன என்று ஆராய்ந்து பார்த்தார். அவ்வீடுகள் ஒரு தண்ணீர்ப் பம்பைச் சுற்றியே கூடியிருந்தன. அந்தப் பம்பின் கைப்பிடியைக் கழற்றும்படி செய்தார். காலராவுக்குக் காரணமான கிருமியை ராபர்ட் கோக் உலகறியச் செய்தது அதற்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்துத்தான்! ஒரு நோயாளிக்கு மருந்து கொடுப்பவர் மருத்துவர். ஒரு தெருவே நோயாளியாகிவிட்டால் என்ன செய்வது என்பதைச் சொல்வது பொதுச் சுகாதாரம். நம் சென்னை மாகாணம் 1939ஆம் ஆண்டிலேயே இதற்கெனத் தனிச் சட்டம் கண்டது என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இரண்டாவது ஐயம்தான் எங்கள் வீட்டையும் பிடித்துக்கொண்டது. என் தந்தையார் சுமை தூக்கும் தொழிலாளி. அம்மா நூறு நாள் வேலைக்குச் செல்பவர். தம்பி ஒன்பதாம் வகுப்பு. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். பட்டம் பெற்றதும் நான் ஏதேனும் சம்பாதித்தாக வேண்டும்; தம்பியின் படிப்பு அதை நம்பி நிற்கிறது. சென்னைக்குப் போய் விடுதியில் தங்கி இரண்டாண்டுகள் படிப்பது எங்களால் இயலாத காரியம். “வீட்டுல இருந்தே படிக்கிறதுன்னா படி, தாயி. ஆனா அது நெசமான படிப்புதானா? யாராச்சும் ஒத்துக்கிடுவாகளா?” என்று அப்பா கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது.

அவருக்கு நான் சொன்ன பதிலை இங்கும் எழுதுகிறேன். காசநோய் என்றால் ஊருக்கு வெளியே சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுத்திருக்க வேண்டும் என்று உலகமே நம்பிய காலம் ஒன்று இருந்தது. நல்ல காற்று, நல்ல உணவு, முழு ஓய்வு ஆகியவை இல்லாமல் குணமாகாது என்றார்கள். 1956ஆம் ஆண்டு சென்னையில் ஓர் ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. இன்று சேத்துப்பட்டில் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக விளங்குவது அதுவே. சென்னையின் ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினரை அங்குள்ளவர்கள் சானடோரியத்தில் சேர்த்தார்கள். மறு பகுதியினருக்கு அதே மருந்துகளைக் கொடுத்து வீட்டிலேயே இருக்கச் செய்தார்கள். வீட்டில் இருந்தவர்களுக்கு நெருக்கடியான குடியிருப்பு, குறைந்த உணவு. சிலர் வேலைக்கும் போனார்கள். ஆயினும் 1959இல் முடிவு வெளியானபோது, வீட்டுச் சிகிச்சை சானடோரியச் சிகிச்சைக்குச் சளைத்ததன்று எனத் தெரிந்தது. மருந்து ஒழுங்காக உள்ளே போகிறதா என்பதே முக்கியம். படுக்கை எங்கே கிடக்கிறது என்பது அன்று! உலகம் முழுவதும் காசநோய்க்கு வீட்டிலேயே மருந்து கொடுக்கும் வழக்கத்திற்கு நம் சென்னை வழிகாட்டியது.

“மருந்துக்குச் சரி, படிப்புக்குமா?” என்றார் அப்பா. படிப்பு விஷயமும் புதிதன்று. லண்டன் பல்கலைக்கழகம் 1858ஆம் ஆண்டிலேயே வெளியிலிருந்து படிப்பவர்களுக்குத் தேர்வு நடத்திப் பட்டம் கொடுக்கத் தொடங்கியது. நம் நாட்டில் டெல்லிப் பல்கலைக்கழகம் 1962இல் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. தபால்காரர் கொண்டுவந்ததை இப்போது கைப்பேசி கொண்டுவருகிறது, அவ்வளவுதான்.

சொல்லிவிட்டால் போதுமா, செய்து பார்க்க வேண்டாமா? முன்னோட்டமாக, சென்னையிலுள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனத்தார் ஸ்வயம் தளத்தில் நடத்தும் ‘ஹெல்த் ரிசர்ச் ஃபண்டமெண்டல்ஸ்’ என்னும் எட்டு வாரப் பாடத்தில் சேர்ந்தேன். சேர்வதற்குக் கட்டணம் இல்லை. தேர்வு எழுதினால் மட்டுமே கட்டணம். சிக்னல் கிடைப்பது மொட்டை மாடியில்தான். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்த எனக்கு முதல் வாரம் ஆங்கிலமே மலைப்பாக இருந்தது. இன்சிடென்ஸ், பிரிவலன்ஸ் என்று இரண்டு சொற்கள். ஒன்று புதிதாக நோய் காண்பவர்களின் கணக்கு. மற்றொன்று அந்த வேளையில் நோயுடன் இருப்பவர்களின் கணக்கு. மூன்று முறை கேட்டும் விளங்கவில்லை. கீழே இறங்கி வந்து எங்கள் வீட்டுத் தண்ணீர் டிரம்மைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. குழாயிலிருந்து விழுவது இன்சிடென்ஸ், டிரம்மில் நிற்பது பிரிவலன்ஸ். நாம் மொண்டு எடுப்பது குணமானவர்களும் இறந்தவர்களும்.

அந்த டிரம்மிலேயே அடுத்த பாடமும் காத்திருந்தது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையை நாடுவதில்லை. நாம் சேர்த்து வைக்கும் நல்ல தண்ணீரைத்தான் நாடுகிறது. நீர்மட்டத்திற்குச் சற்று மேலே பாத்திரத்தின் சுவரில் முட்டையை ஒட்டி வைக்கும். தண்ணீர் வற்றினாலும் அம்முட்டை மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். முட்டை கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம் போதும். ஆதலால் வாரம் ஒருமுறை பாத்திரத்தைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவ வேண்டும். பரிசோதித்த வீடுகளில் நூற்றுக்கு எத்தனை வீடுகளில் புழு இருக்கிறது என்பதற்கு ‘ஹவுஸ் இன்டெக்ஸ்’ என்று பெயர். ஒரு ஞாயிற்றுக்கிழமை டார்ச் விளக்குடன் எங்கள் தெருவில் எண்ணினேன். 32 வீடுகள், 8 வீடுகளில் புழு. நூற்றுக்கு 25!

பக்கத்து வீட்டு அத்தையிடம் விவரத்தைச் சொன்னேன். அத்தை இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார்: “பன்னெண்டு கொடம் தூக்கியாந்து ஊத்தியிருக்கேன். கொட்டிக் கழுவுன்னு சொல்றியே தாயி, அடுத்த தண்ணி என்னைக்கு வரும்? அத மொதல்ல சொல்லு.”

எங்கள் தெருவில் ஆறு நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர் வருகிறது. ஜான் ஸ்னோவின் தெருவில் குழாய் ஓடியதால் நோய். எங்கள் தெருவில் குழாய் ஓடாததால் நோய். பாடத்தில் இதற்கு விடை இல்லை. விடை சொன்னவர் எங்கள் கிராமச் சுகாதாரச் செவிலியர். தண்ணீர் வருகிற அன்று காலையில், மிச்சமிருக்கும் தண்ணீரைத் துணியில் வடிகட்டி வேறு பாத்திரத்தில் மாற்றிக்கொண்டு, டிரம்மைத் தேங்காய் நாரால் தேய்க்க வேண்டும். நிரப்பியதும் பழைய வேட்டியைக் கொசு புகாதபடி இறுக்கிக் கட்ட வேண்டும். ஒரு சொட்டும் வீணாவதில்லை. அத்தை இதற்கு ஒப்புக்கொண்டார். மூன்று வாரம் கழித்து மறுபடி எண்ணினேன்; 3 வீடுகள்.

இதனால்தான் சொல்கிறேன், பொதுச் சுகாதாரத்தை வீட்டிலிருந்து படிப்பது குறைவான படிப்பாகாது. வேதியியலுக்குச் சோதனைச்சாலை வேண்டும். இதற்குத் தெரு வேண்டும், அது என் வாசலிலேயே இருக்கிறது. ஆனால் ஒன்று. அந்தச் செவிலியரைப் போன்ற ஒருவரின் கீழ் சில மாதங்கள் களப்பணி செய்யச் சொல்லாத பட்டத்தை நான் நம்பமாட்டேன். அத்தையிடம் எப்படிப் பேசுவது என்பதை எந்தக் காணொளியும் கற்பிக்காது.

நண்பர்கள் சிலர் இவ்வழியில் வர விரும்புவதால் அனுபவம் ஒன்றையும் சொல்ல வேண்டும். இணையத்தில் தேடிய மறுநாளே ஒரு தொலைபேசி வந்தது. ‘தேர்வு எழுதவே வேண்டாம், பட்டம் வீடு தேடி வரும், இன்றே முன்பணம் கட்டுங்கள்’ என்றது இனிமையான ஒரு குரல். எங்கள் துறைப் பேராசிரியரிடம் கேட்டேன். “பணம் கட்டும்முன் பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு வெளியிடும் பட்டியலைப் பாரம்மா; பல்கலைக்கழகத்தின் பெயர் மட்டும் இருந்தால் போதாது, பாடத்தின் பெயரும் இருக்க வேண்டும்” என்றார். உரிய அனுமதி பெற்ற இணையவழிப் பட்டம் நேரடிப் பட்டத்திற்குச் சமம் என்று மானியக் குழு 2022இல் அறிவித்துள்ளது. அப்பாவின் கேள்விக்கு இதுவே எழுத்து மூலமான விடை. 2024 முதல் சேருகிற மாணவருக்கு டெப் அடையாள எண்ணும் வேண்டும். 2025இல் உளவியல், நுண்ணுயிரியல், உயிரித் தொழில்நுட்பம், ஊட்டச்சத்து முதலியவற்றை இணையவழியில் நடத்தலாகாது என்று தடுத்துவிட்டார்கள். ஆகவே சேரும் பருவத்தில் பட்டியலைப் புதிதாகப் பார்ப்பது அவசியம். லண்டன் பல்கலைக்கழகத்தின் பொதுச் சுகாதார முதுகலையையும் தொலைவிலிருந்தே படிக்கலாம், கட்டணம் இலட்சங்களில். அந்தப் பக்கத்தை ஒருமுறை பார்த்துவிட்டு மூடி வைத்தேன்.

எட்டு வாரப் பாடம் முடியப்போகிறது. தேர்வை மட்டும் நேரில் சென்று எழுத வேண்டும். மையம் மாவட்டத் தலைநகரில். அப்பா அன்று வேலைக்குப் போகாமல் உடன் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அம்மாவால் வர இயலாது. கணக்குப்படி அன்றுதான் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் வரும் நாள்.