கடலடியில் ஒரு கம்பி

தோழியரே, கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் இரவில் வந்திருக்கிறீர்களா? ஆலை விளக்குகளால் வானம் சிவந்திருக்கும். அதைப் பார்த்தே வளர்ந்த அக்காள் தங்கை நாங்கள். 2023 டிசம்பர் 4 அன்று அந்த வெளிச்சம் அவிந்தது. 'மிக்ஜாம்' புயல்! முந்திய இரவு வேலைக்குப் போன அப்பா திரும்பவில்லை. அம்மா கைப்பேசியை எடுத்து எடுத்துப் பார்த்தார்கள். சிக்னல் இல்லை.

"கடலுக்குள் கம்பி அறுந்து போயிற்றோ?" என்றாள் தங்கை.

அவள் கேட்டதில் பொருள் இருந்தது. இணையம் வானத்துச் செயற்கைக்கோளிலிருந்து இறங்குகிறது என்றே நாங்கள் எண்ணியிருந்தோம். அப்படியன்று என்று அறிவியல் ஆசிரியை சொல்லியிருந்தார்கள். கண்டம் விட்டுக் கண்டம் போகும் செய்திகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் கடலடிக் கம்பிகளில்தான் ஓடுகின்றன. தோட்டத்து ரப்பர் குழாயளவு பருமன். உள்ளே தலைமயிர் போன்ற கண்ணாடி இழைகள். என்னே விந்தை! 2002-இல் சிங்கப்பூரிலிருந்து சுமார் 3,200 கிலோமீட்டர் கடந்து ஒரு கம்பி சென்னையில் கரையேறிற்று. 2020 ஆகஸ்டு 10 அன்று சென்னை–அந்தமான் கம்பியைப் பிரதமர் தொடங்கி வைத்தார். 2008 ஜனவரியில் எகிப்தின் அலெக்சாந்திரியா அருகே கம்பிகள் அறுந்தபோது இந்தியாவில் இணையம் தவழ்ந்ததாம்.

இவ்வளவு பெரிய வலைக்கு ஒரு ராஜா கிடையாது. முகவரிப் பெயர்களை ஒழுங்கு செய்ய 1998 முதல் அமெரிக்காவில் 'ஐகான்' என்ற அமைப்பு இருக்கிறது. தமிழிலேயே '.இந்தியா' என முடியும் முகவரி வைத்துக்கொள்ளலாம். நாங்கள் இன்னும் ஒன்றைக்கூடக் கண்ணால் கண்டதில்லை என்பது வேறு கதை!

ஆனால் அன்று கடலில் எதுவும் அறுந்ததாகத் தெரியவில்லை. கோபுரத்துக்கு மின்சாரம் வேண்டும். அது நின்றால் பேட்டரி சில மணி நேரம் தாங்கும். பிறகு டீசல் வேண்டும். சாலையே ஏரியாகிவிட்டால் டீசல் எப்படி வரும்? சிங்கப்பூரிலிருந்து கடல் தாண்டி வருகிற செய்திக்கு எங்கள் தெருமுனையைத் தாண்ட வழியில்லை.

இந்தத் தெருமுனை எங்களுக்குப் புதிதன்று. 2020 ஊரடங்கில் வீட்டில் ஒரே கைப்பேசி. அப்பா ஷிப்டுக்குப் போனால் பாடமும் கூடவே போய்விடும். இரவு பத்து மணிக்கு மேல் மொட்டை மாடியில் நின்று பாடங்களை இறக்குவோம். அங்கேதான் இரண்டு கோடு சிக்னல் வரும். தங்கை தூங்கி விழுவாள். பின்னக் கணக்கு அவளுக்கு இன்றைக்கும் தகராறுதான்.

டிசம்பர் 5 மாலை, முழங்கால் வரை சேற்றோடு அப்பா நடந்தே வந்து சேர்ந்தார்கள். அம்மா ஒன்றும் பேசவில்லை, சுடுகஞ்சி வைத்தார்கள். மறுநாள் கரண்ட் வந்தது. அப்பா எங்கள் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கைப்பேசி 'டிங்' என்றது. வாட்ஸ்அப்பில் அப்பாவின் செய்தி, 4-ஆம் தேதி காலையில் அனுப்பியது: "நான் நல்லா இருக்கேன். பிள்ளைகளை வெளியே விடாதே."

தங்கை அதை உரக்கப் படித்தாள். அப்பா, "சரி, விடமாட்டோம்" என்றார்கள்.